வகுப்புக்கு என்ன கொடுப்பது?

சென்ற நவம்பரில் திருப்பதியில் அக்கா வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். போன அன்று இரவே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒரு மாநாடு கூடிவிட்டது. அக்காவின் பேத்திக்கு வெள்ளிக்கிழமை எட்டு வயது நிறைகிறது. வகுப்பில் 42 பிள்ளைகள். அவர்களுக்கு என்ன கொடுப்பது?

மாப்பிள்ளை விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். ஆளுக்கு இருபது ரூபாய் சாக்லேட், மொத்தம் 840 ரூபாய், ஆபீஸிலிருந்து வரும் வழியில் வாங்கி வந்துவிடலாம் என்றார். அக்கா மகள் பதில் பேசாமல் பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையை எடுத்து நீட்டினாள். சாக்லேட் கூடாது, கேக் கூடாது, கிரீம் பிஸ்கட் கூடாது, பாக்கெட் ஜூஸ் கூடாது.

"எதெல்லாம் கூடாதுன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க, சித்தி. எது கூடும்னு ஒரு வரி இல்லை" என்றாள் என்னிடம்.

அக்காவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. "திருப்பதியில இருந்துக்கிட்டு இதுக்கு ஒரு யோசனையா? மலை லட்டு இருக்கிறப்போ வேற என்ன வேணும்?"

விழா நாயகியின் கவலை வேறு. போன வாரம் பிறந்த நாள் கொண்டாடிய பெண், பண்டம் எதுவும் கூடாது என்பதால் ஆளுக்கொரு பென்சில் பெட்டி கொடுத்தாளாம். உள்ளே பென்சில், ரப்பர், ஸ்டிக்கர் எல்லாம் இருந்ததாம். "நாம அதைவிடப் பெரிசா கொடுக்கணும்" என்றாள் குழந்தை, மிகத் தெளிவாக.

அந்தப் 'பெரிசா' என்ற சொல் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. அது என்னை எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சித்தூருக்கும், ஐம்பது வருஷம் பின்னாலும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நாங்கள் சித்தூர்க்காரர்கள். 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் அதனோடு போயிற்று. 1960இல் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மாநிலங்கள் இப்படி எங்களைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருக்க, நாங்கள் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக இருந்த இடத்திலேயே இருந்துவிட்டோம். எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியா முழுவதும் பிள்ளைகளின் பிறந்த நாள் தட்டில் ஏறிய மிட்டாய்களில் ஒரு பங்கு சித்தூரிலிருந்து போனது. நியூட்ரின் மிட்டாய்க் கம்பெனி 1952இல் அங்கேதான் தொடங்கியது. மகாலாக்டோவைச் சுவைத்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்திருக்க நியாயமில்லை. 2006இல் அந்தக் கம்பெனியை கோத்ரெஜ் வாங்கியது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஹெர்ஷி வந்து சேர்ந்துகொண்டது. நெல்லிக்குப்பத்து பாரி மிட்டாய் 2004இல் கொரிய நாட்டு லோட்டேயின் கைக்குப் போனதும் இதே கதைதான்.

மிட்டாய் ஊரில் பிறந்தவர்கள் என்பதால் எங்கள் வகுப்பில் எல்லோரும் மிட்டாய் கொடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முதலில், தேதி வைத்துப் பிறந்த நாள் கொண்டாடும் வழக்கமே பாதி வீடுகளில் கிடையாது. நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் கொஞ்சம் பாயசம், அவ்வளவுதான். பல பேருக்குப் பிறந்த தேதியை நிர்ணயித்தவர் பிரம்மா அல்ல, தலைமை ஆசிரியர். பையனைச் சேர்க்க வரும் அப்பாவுக்குத் தேதி தெரியாது. ஜூன் மாதத்தில் ஐந்து வயது நிறைவது போல ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். இந்த வகையில் ஒரு வகுப்பே ஜூன் முதல் வாரத்தில், அதாவது கோடை விடுமுறையில், கூட்டாகப் பிறந்தது. விடுமுறையில் பிறந்தவனுக்கு மிட்டாய்ச் செலவு இல்லை என்பது அதில் ஒரு சௌகரியம்.

இந்த விஷயத்தில் பெரியவர்களும் தப்பவில்லை. திருத்தணியில் பிறந்து திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5 தான் 1962 முதல் நமக்கு ஆசிரியர் தினம். ஏட்டில் இருக்கும் வருஷம் 1888. ஆனால் தம் உண்மையான பிறந்த நாள் 1887 செப்டம்பர் 20 என்றே அவர் நம்பினார் என்று அவருடைய மகன் கோபால் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடங்கள் வருஷா வருஷம் இனிப்பு வழங்கிக்கொண்டிருப்பது ஒரு பதிவேட்டுத் தேதிக்காகவும் இருக்கலாம்.

நிஜமான தேதி தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் அன்று கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வருவார்கள். கையில் எவர்சில்வர் டப்பா. டப்பாவைத் திறந்துகொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போக வேண்டும். கூட ஒரு சிநேகிதி வருவாள். அவள் யார் என்பதில் முதல் நாளே பெரிய அரசியல் நடந்திருக்கும். பிள்ளைகளுக்கு ஒன்று, டீச்சருக்கு இரண்டு, ஹெட்மாஸ்டருக்கு டப்பாவையே நீட்டி அவர் எடுத்துக்கொள்ளும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மிச்சம் எத்தனை என்று வீடு திரும்பும் வழியில் எண்ணுவது.

எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா சந்தையில் கைவண்டி இழுப்பவர். யார் மிட்டாய் நீட்டினாலும் அவன் எடுத்துக்கொள்ள மாட்டான். "பல்வலி" என்பான். வருஷம் முழுக்க ஒருவனுக்குப் பல்வலி இருக்குமா என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. ஒரு மிட்டாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

ஒரு நாள் காலை டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அவனுக்குப் பிறந்த நாளாச்சே, ஏன் வரலை?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவர் என்ன நினைத்தாரோ, அலமாரியிலிருந்து போன வருஷத்துப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அதே தேதியில் அப்போதும் அவன் வரவில்லை. அதற்கு முந்தைய வருஷமும் வரவில்லை. டீச்சர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டுக் கணக்குப் பாடம் நடத்தினார்.

மறுநாள் அவன் வந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமையிலிருந்து வகுப்பில் ஒரு புதுச் சட்டம் வந்தது. இனி யாரும் தனித்தனியாக எதுவும் கொண்டுவரக் கூடாது. அந்தந்த மாதத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியது பொட்டுக்கடலையும் வெல்லமும். ஒருத்தி வீட்டிலிருந்து கடலை, ஒருத்தன் வீட்டிலிருந்து வெல்லம். பொட்டலம் மடிக்க யார் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், டீச்சர் கடைசி பெஞ்சுப் பையனைக் கூப்பிட்டுப் பழைய செய்தித்தாள்களைக் கொடுத்தார். சந்தையிலேயே வளர்ந்த பையன். கூம்பு கூம்பாக, ஒரே அளவில், ஒரு கடலை சிந்தாமல் அவன் மடித்த வேகத்தை வகுப்பே வாய் பிளந்து பார்த்தது. அவனேதான் பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கொடுத்தான். அன்றைக்கு அவனுக்குப் பல்வலி இல்லை.

அவனுக்கு மிட்டாய் பிடிக்கவில்லை என்பதல்ல விஷயம் என்று எனக்குப் புரிய இன்னும் பல வருஷங்கள் ஆயின. 42 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை வருஷத்துக்கு 41 முறை வாங்கிக்கொள்கிறது, ஒரு முறை கொடுக்கிறது. அந்த ஒரு முறை நிச்சயம் என்பதால்தான் 41 முறையும் கூச்சமில்லாமல் கை நீட்ட முடிகிறது. திருப்பிக் கொடுக்க வழியில்லை என்று தெரிந்த பிள்ளைக்கு ஒவ்வொரு மிட்டாயும் கடன்தான். ஆறு வயதிலேயே அந்தக் கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியவில்லை.

இன்றைய விவாதம் முழுவதும் சர்க்கரையைப் பற்றியது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கொண்டுவந்த விதிகளின்படி, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. 2025 மே மாதம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கும்படி பள்ளியில் 'சர்க்கரைப் பலகை' வைக்க வேண்டும் என்பது உத்தரவு. நான்கு முதல் பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளின் உணவுக் கலோரியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது, ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதில் சொல்லியிருந்தார்கள். பிறந்த நாள் மிட்டாய் ஒன்றால் மட்டும் அந்தக் கணக்கு ஏறிவிடவில்லை. ஆனால் 42 பேருள்ள வகுப்பில் ஏறக்குறைய வாரம் ஒரு பிறந்த நாள் என்பதையும் மறந்துவிட முடியாது.

ஆனால் தடை போட்டதும் நடந்ததைப் பாருங்கள். மிட்டாய் போயிற்று, பென்சில் பெட்டி வந்தது. ஒரு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது அறுபது ரூபாய் ஆயிற்று. பல்லுக்கு நல்லது, பர்ஸுக்கும் மனசுக்கும் நல்லதா என்று சுற்றறிக்கை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளின் வயிற்றுக்குள் போவதற்கு மட்டும் சட்டம் இருக்கிறது. பக்கத்து பெஞ்சைப் பார்த்து அவர்கள் மனசுக்குள் போடும் கணக்குக்குச் சட்டம் இல்லை.

அரசுப் பள்ளிகளின் சங்கதி வேறு. 2020 ஜனவரியில் ஆந்திர அரசு மதிய உணவில் வேர்க்கடலை சிக்கியைச் சேர்த்தது. கடலை விளையும் பூமியில் அது எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியம். மத்திய அரசின் மதிய உணவுத் திட்டத்தில் 'திதி போஜனம்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. குஜராத்தில் தொடங்கியது. வீட்டில் பிறந்த நாளோ கல்யாண நாளோ வந்தால் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேளை விசேஷ உணவு கொடுக்கலாம். நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கொடுப்பவர் எப்போதும் ஒரு பக்கம், வாங்குபவர் எப்போதும் மறு பக்கம். வகுப்பறை மிட்டாயில் இருக்கும் அழகே எல்லோருக்கும் முறை வரும் என்பதுதான். அந்த முறை உடையாமல் காப்பாற்றும் பண்டமே நல்ல பண்டம் என்பது என் கட்சி.

திருப்பதிக்குத் திரும்புகிறேன். மறுநாள் காலை அக்கா மகள் வகுப்பு ஆசிரியைக்குப் போன் செய்து, "எது யாருக்கு ஆகாது?" என்று கேட்டாள். பெற்றோர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறோம். ஒரு பையனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, வாயில் பட்டால் முகம் வீங்கிவிடும். ஏழெட்டு வீடுகளில் முட்டை சேர்ப்பதில்லை. சில வீடுகளில் பிரசாதம் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கடைசி விஷயம் அக்காவுக்கு வருத்தம்தான். திருப்பதி லட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டில் வேறெங்கும் அந்தப் பெயரில் யாரும் செய்து விற்க முடியாது. அப்பேர்ப்பட்டதை வேண்டாமென்று சொல்வார்களா என்று கேட்டாள்.

"அதனாலதான் அக்கா கொடுக்கக் கூடாது" என்றேன். "அது வெறும் லட்டா இருந்தா எல்லாரும் வாங்கிப்பாங்க. பிரசாதம்னு நாம கொடுக்கிறதை, வேணாம்னு சொல்ற நிலைமைக்கு ஒரு எட்டு வயசுப் பிள்ளையை நாமளே ஏன் தள்ளணும்?"

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, வீட்டுக்கு வர்றவங்களுக்குக் கொடுத்துக்கலாம்" என்றாள்.

வேர்க்கடலை உருண்டை போயிற்று. எள்ளுருண்டை செய்யலாமே என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "பிறந்த நாளும் அதுவுமா எள்ளா?" என்று அக்கா போட்ட அதட்டலில் அவர் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். ஏலக்கி வாழைப்பழம் என்றேன் நான். குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். வயது வந்தவர்கள் பழத்தைப் பரிந்துரைப்பது சுலபம். எட்டு வயதில் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வாழைப்பழத்தோடு பெஞ்சு பெஞ்சாகப் போக நாம் சம்மதித்திருப்போமா?

பொரி உருண்டை யோசனை அக்காவுடையது. கார்த்திகைக்கு எப்படியும் செய்ய வேண்டியது, கொஞ்சம் முன்னாலேயே செய்துவிட்டால் போகிறது என்றாள். முட்டை இல்லை, கடலை இல்லை, சாமிக்குப் படைத்ததில்லை. "எவ்ளோ பெரிசு?" என்று கேட்டாள் குழந்தை. அக்கா இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள், பெரிய சாத்துக்குடி அளவுக்கு. அந்தக் கண்கள் விரிந்ததைப் பார்க்க வேண்டும். 'பெரிசா' என்பதற்கு எட்டு வயதில் அர்த்தம் விலை அல்ல, அளவு. விலை என்ற அர்த்தத்தை நாம்தான் பிறகு சொல்லிக் கொடுக்கிறோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் ஒரே அமர்க்களம். ஒரு கிலோ பொரி, முக்கால் கிலோ வெல்லம், கொஞ்சம் ஏலக்காய், சுக்குப் பொடி. பாகில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் உருண்டை உதிரும், பிறகு இறக்கினால் பல் உதிரும். சூடு ஆறுவதற்குள் கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு பிடித்தாக வேண்டும். அக்காவும் மகளும் பிடித்தார்கள், நான் எண்ணினேன், குழந்தை ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றினாள். 42 பிள்ளைகளுக்கு, ஆசிரியைக்கு இரண்டு, வழியில் உடைவதற்கு நான்கு. தலைக்கு ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை.

இதை ஆரோக்கிய உணவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெல்லமும் சர்க்கரையின் உடன்பிறப்புதான். ஓர் உருண்டைக்கு ஏறக்குறைய 15 கிராம் வரும். அது மூன்று மிட்டாய்க்குச் சமம். சர்க்கரைப் பலகையில் போட்டால் பொரி உருண்டையும் தலைகுனிந்துதான் நிற்கும். பண்டத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டு, "கொண்டு வாங்க, இது லிஸ்டில் இல்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டோவிலிருந்து குதித்து வந்த குழந்தை, டப்பா காலி என்று அறிவித்தாள். மூன்று உடைந்தன. ஒரு பையன் கிரிக்கெட் பந்து மாதிரி எறியப் பார்த்து ஆசிரியையிடம் திட்டு வாங்கினானாம். பென்சில் பெட்டி கொடுத்த பெண், பென்சில் பெட்டியைத் திங்க முடியாது என்று ஒப்புக்கொண்டாளாம். பிறகு புதுச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, பெரிய செய்தி எதுவும் இல்லை என்பது போலச் சொன்னாள்:

"எங்க கிளாஸ்ல பூ கட்டுற ஆன்ட்டியோட பொண்ணு இருக்காளே, அவளுக்கு டிசம்பர்ல பர்த்டே. அவளும் இதே கொண்டு வரேன்னு சொல்லிட்டா. அவ அம்மாவுக்கும் இது செய்யத் தெரியுமாம்."